பன்றித்தொடைக்கு வாங்கிய வசந்தம்

வசந்தத்தில் மட்டும் விடும் சியாங்சுன் மரத்துத் துளிரை அலசுவது ஆய்ஜூவின் வேலை. வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் நிற்கும் மரத்திலிருந்து மூங்கில் கொக்கியால் இழுத்து ஒடித்துக் கொடுப்பதோடு கணவர் கென்ஃபாவின் பங்கு முடிந்துவிடும். அதன்பிறகு அவர் சமையலறை வாசலில் நிற்கலாம், உள்ளே வரக் கூடாது. ஆய்ஜூ மூன்று தண்ணீரில் துளிரை அலசி, காம்பு முற்றியதைக் கிள்ளி எறிந்து, இருப்பதில் நல்லதாக ஒரு பிடி எடுத்து வைக்கோலால் கட்டினாள். மிச்சம்தான் வீட்டுக்கு, முட்டையோடு வதக்க. கட்டி வைத்த பிடி ஷோவ் வைத்தியருக்கு. முப்பத்தொரு வருடமாக முதல் துளிர் அவருக்குத்தான் போகிறது.

வாசலில் நின்ற கென்ஃபா வியர்த்துக்கொண்டிருந்தார். முன்னோர் கல்லறை துடைக்கும் ஏப்ரல் திருநாள் கழிந்து மூன்று நாளாகியிருந்தது. சூஜி நகரத்துப் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கென்ஃபா பஞ்சு திணித்த கால்சட்டையில் நின்றார். வசந்த வெயில் ஆளை ஏமாற்றும், உடம்பின் கீழ்ப்பாதியைக் கடைசிவரை மூடிவைக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். நாட்காட்டியில் வசந்தத்தின் கடைசிக் கட்டமான தானிய மழை நாள் வரைக்கும் அந்தக் கால்சட்டை இறங்காது. அதற்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. கென்ஃபா எண்ணி வைத்திருந்தார்.

பியென் ஆய்ஜூவுக்கு வயது அறுபத்திரண்டு. இருபத்தெட்டு வருடம் காலுறை ஆலையில் தரம் பார்த்தவள். மரத்தால் செய்த ஒரு காலில் காலுறையை இழுத்து மாட்டி, ஓட்டை இருக்கிறதா, தையல் கோணலா என்று பார்த்துக் கழற்றிப் போடுகிற வேலை. ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல். மனிதக் கால்களைவிட மரக்காலோடு அதிகம் பழகியவள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். வேலையில் ஓய்வு பெற்றபின் அவளுக்கு இருக்கும் ஒரே பதவி, வீட்டில் வசந்தத்தை நடத்துவது.

வசந்தப் பிறப்பிலிருந்து கோடைப் பிறப்பு வரைக்கும் மூன்று மாதம் கல்லீரலின் காலம். அந்த மூன்று மாதமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, முடியை அவிழ்த்துவிட்டு, குடியிருப்பின் முற்றத்தை நிதானமாகச் சுற்ற வேண்டும். கென்ஃபாவுக்கு அவிழ்ப்பதற்கு முடி கிடையாது என்பதால் அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுற்றலாம் என்று தீர்மானமாகியிருந்தது. தொடையின் வெளிப்பக்கத்தை ஒவ்வொரு காலிலும் நூறு தடவை தட்ட வேண்டும். புளிப்பு குறைவு, கீரை அதிகம். அரிசி மது கிடையவே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோபம் கூடாது. கோபம் கல்லீரலைத் தின்றுவிடும்.

கோபம் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி இருந்தது. இடது காலில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பாதத்தின் மேல்பக்கம் ஒரு புள்ளி. அதைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் கோபம் வடிந்துவிடும். ஆகவே பிப்ரவரி முதல் மே வரை ஆய்ஜூ எங்கே கோபப்பட்டாலும் அங்கேயே உட்கார்ந்து இடது செருப்பையும் காலுறையையும் கழற்றுவாள். வங்கியில் கழற்றியிருக்கிறாள். மகள் ஜிங்வெயின் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியருக்கு எதிரே கழற்றியிருக்கிறாள். சந்தையில் மீன்காரன் ஆ-லியாங் இவளுக்காகவே ஒரு முக்காலி வைத்திருந்தான். தூரத்தில் அவள் முகம் சிவந்து வருவதைப் பார்த்தால் முதலில் முக்காலியை எடுத்துப் போடுவான், அப்புறம்தான் என்ன மீன் என்று கேட்பான்.

வசந்தத்தில் சேர்ந்த கோபமெல்லாம் கோடைப் பிறப்பன்று மத்தியானச் சாப்பாட்டுக்கப்புறம் வெளியே வரும். ஆனால் மூன்று மாதம் மூடிவைத்த கோபத்தில் பாதி அதற்குள் ஊசிப்போயிருக்கும். எதற்குக் கோபம் என்பது ஞாபகம் இருக்கும், சூடு இருக்காது. இதை வீட்டில் மற்ற இருவரும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். ஜிங்வெய் கணக்கில் தோற்றதையும், வேலையை விட்டதையும், நிச்சயம் செய்த பையனை வேண்டாமென்றதையும் வசந்தத்தில்தான் சொன்னாள். கென்ஃபா மோட்டார் சைக்கிளைக் கால்வாயில் விட்டதை ஜனவரியிலிருந்து மனசுக்குள்ளேயே வைத்திருந்து, வசந்தப் பிறப்பன்று வழக்கமாகக் கடிக்கும் முள்ளங்கியைக் கடித்துக்கொண்டே சொன்னார். ஆய்ஜூ செருப்பைக் கழற்றினாள்.

இதெல்லாம் ஷோவ் வைத்தியர் போட்ட பாதை. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அவர் ஆலை மருத்துவமனையில் நாடி பார்ப்பவராக இருந்தார். ஆய்ஜூ அப்போது வேறு மாதிரிப் பெண். ஜோடி சேராத இருநூறு காலுறை இருந்த பெட்டியை இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து மேற்பார்வையாளர் தலையில் கவிழ்த்தவள். அந்த வருடம் வசந்தம் பிறக்கிற சமயத்தில் கென்ஃபா அவளை, சும்மா ஒரு தடவை நாடி பார்த்துவிட்டு வரலாம் என்று அழைத்துப் போனார். வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாடி இழுத்துக் கட்டிய வில் நாண் மாதிரி இருக்கிறது, வசந்தத்தில் கோபப்பட்டால் ஈரல் நாற்பது வயதைத் தாண்டாது என்றார். ஆய்ஜூவுக்கு அப்போது முப்பத்தொன்று. மகளுக்கு நான்கு வயது.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள். போன மாதம் எடுத்த பரிசோதனை முடிவில் கல்லீரல் முப்பது வயதுக்காரியுடையது போல இருக்கிறது என்று டாக்டர் வாய்விட்டுச் சொன்னார். அந்தக் காகிதத்தையும் மடித்துத் துளிர்க்கட்டோடு பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஷோவ் வைத்தியருக்குத் தொண்ணூற்றொன்று. ஆய்ஜூ போனபோது அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது, ஜன்னல் திறந்திருந்தது, பூனை வேறு. வசந்தம், கோபம், ஈரல் எதுவும் அவரைக் கட்டுப்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆய்ஜூவைப் பார்த்ததும் தணிந்தார்.

"வந்துட்டியா, சின்ன பியென்."

அவருக்கு அவள் இன்னும் சின்ன பியென்தான். ஆய்ஜூ காகிதத்தை எடுத்து நீட்டி, எல்லாம் உங்களால்தான் என்றாள். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. துளிர்க்கட்டை மூக்கருகே வைத்து நீளமாக மோந்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா அந்தத் தொடை மாதிரி வராது."

"எந்தத் தொடை?"

"பன்றித்தொடைம்மா. ஜின்ஹுவாவுல உப்புப் போட்டுக் காயவச்ச தொடை, முழுசா, குளம்போட. உன் வீட்டுக்காரன் கொண்டாந்தானே. ஒரு வருஷம் வச்சுச் சாப்பிட்டோம்."

ஆய்ஜூவுக்கு அந்தத் தொடை தெரியும். புத்தாண்டுக்கு அவள் அண்ணன் அனுப்பியது. வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் சைக்கிளிலிருந்து யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கென்ஃபா வெறுங்கையோடு வந்து நின்றது நேற்று மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் கீழ்வீட்டு ஷுன்யாவின் சமையலறையிலிருந்து பன்றித்தொடை வேகும் வாசனை வந்தது. அதிலிருந்து ஆய்ஜூ ஷுன்யாவோடு பேசுவதில்லை.

"எதுக்குக் கொண்டாந்தாரு?" என்று கேட்டாள்.

"உங்கிட்ட சொல்றதுக்குத்தான். வசந்தத்துல கோவப்படாதேன்னு."

"அப்போ என் நாடி?"

"உன் நாடிக்கென்ன. எருமை நாடி."

"வில் நாண்னு சொன்னீங்களே."

"தொடை கொண்டாந்தவன் பெண்டாட்டிக்கெல்லாம் வில் நாண்தான்," என்றார் வைத்தியர், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்பது போல.

ஆய்ஜூ அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். இடது செருப்பைக் கழற்றினாள், காலுறையை உருவினாள், புள்ளியைத் தேடிக் கட்டைவிரலை வைத்தாள். பாதி தேய்க்கும்போது கை நின்றது. இதையும் சொல்லிக்கொடுத்தது இதே மனுஷன்தானே.

"இதுவும் தொடையில சேந்ததுதானா?"

வைத்தியருக்கு முகம் மாறிவிட்டது. அது நிஜம், புத்தகத்தில் இருக்கிறது என்று கோபமாகச் சொன்னார். குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் மேலே, எலும்பு இரண்டும் சேருகிற பள்ளத்தில் அழுத்த வேண்டும், முப்பத்தொரு வருடமாக வேறு எங்கேயோ அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாய் என்று திட்டினார். ஆய்ஜூ மேலே அழுத்தினாள். வலித்தது. கோபம் இறங்கியதா என்று சொல்லத் தெரியவில்லை.

வரும் வழியில் அவள் நினைத்ததெல்லாம் பொய்யைப் பற்றியல்ல. அந்த வசந்தத்தில் கென்ஃபா மறைக்கப் பார்த்தது என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் அம்மா கொடுத்த பட்டுநூல் போர்வையைத் தன் அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். காணாமல் போன நாலாம் நாளே ஆய்ஜூ கண்டுபிடித்து, ஈரலை நினைத்து வாயை மூடிக்கொண்டாள். கோடை வந்தபோது போர்வை யாருக்கு வேண்டும். அது போனது போனதுதான். இப்போது நெஞ்சில் நின்றது வேறு. ஒரு மனிதன் தன் பெண்டாட்டியின் வாய்க்குப் பயந்து, பத்துக் கிலோ பன்றித்தொடையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வைத்தியர் வீட்டு மாடிப்படி ஏறியிருக்கிறான். அப்படியென்றால் அவள் எப்படிப்பட்ட பெண்டாட்டியாக இருந்தாள்? இதை அவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

அன்றே கேட்டிருக்கலாம். சட்டமே பொய்யென்றான பிறகு கோடைப் பிறப்புவரை காத்திருக்க என்ன அவசியம்? ஆனால் படியேறும்போது பைக்குள் அந்தக் காகிதம் சலசலத்தது. வைத்தியர் சொன்னது பொய்யாக இருக்கலாம். ஈரலுக்குப் பன்றித்தொடை விஷயம் தெரியாது. அது முப்பத்தொரு வருடம் கோபமில்லாமல் பழகி முப்பது வயதில் நின்றிருக்கிறது. இப்போது போய் அதைக் கெடுப்பானேன். ஆய்ஜூ வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் ஷுன்யாவைப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். ஷுன்யா கையிலிருந்த குப்பை வாளியைக் கீழே வைத்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

கோபப்படத் தனக்கு இன்னும் தெரியுமா என்ற சந்தேகமும் ஆய்ஜூவுக்கு வந்தது. சரியான நாளில் வராமல் போய்விட்டால்? ஆ-லியாங்கிடம் ஒத்திகை பார்க்கலாமென்று சந்தைக்குப் போனாள். மீன் செத்திருக்கிறது, எடை குறைகிறது என்று ஆரம்பித்தாள். அவன் முக்காலியை எடுத்துப் போட்டான். வேண்டாம், நின்றுகொண்டுதான் பேசுவேன் என்றாள். செருப்பு காலிலேயே இருந்தது. ஆ-லியாங் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"அக்கா, உடம்புக்கு ஏதாவதா? சொல்லுங்க, மறைக்காதீங்க."

கண் கலங்கி, பெரிய கெண்டை ஒன்றை இலவசமாகப் பையில் போட்டான். அவள் வேகவைத்துக் கொடுத்த அதைத் தின்றுகொண்டே கென்ஃபா, மீன் ரொம்பப் புதுசு என்றார்.

தானிய மழை நாள் வந்தது. கென்ஃபா விடிந்ததும் கால்சட்டை நாடாவில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார். ஆய்ஜூ ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பார்த்தாள்.

"இந்த வருஷம் காத்து சரியில்ல. கோடை பொறக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

வசந்தத்தில் அவளோடு வாக்குவாதம் செய்வது அவளைக் கோபப்படுத்துவதாகும். கோபப்படுத்தினால் அவள் ஈரல் கெடும். ஒரு தொடையைக் கொடுத்து அவர் தானே வாங்கிய சட்டம் அது. அதற்காக முப்பத்தொரு வருடம் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறார், மதுவில்லாமல் கீரை தின்றிருக்கிறார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு முற்றத்தைச் சுற்றியிருக்கிறார். நாடாவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

வெயில் இருபத்தெட்டு டிகிரியைத் தொட்டது. பூங்காவில் அவரோடு சதுரங்கம் ஆடுகிறவர்கள் முறைபோட்டு விசிறினார்கள். லேசாக அசைந்தாலும் கால்சட்டை சரசரவென்று சத்தம் போட்டதால், அவர் காயை நகர்த்தப் போகிறார் என்பது எதிராளிக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். வரிசையாகத் தோற்றார்.

ஏதோ தெரிந்துவிட்டது என்பது கென்ஃபாவுக்குப் புரிந்தது. எது தெரிந்துவிட்டது என்பதுதான் புரியவில்லை. கோடை பிறப்பதற்குள் தானே சொல்லிவிட்டால் தப்பிக்கலாம். எனவே ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஒன்றாகச் சொல்லிப் பார்த்தார். நீலப் பூச்சாடி பூனையால் உடையவில்லை, தன்னால் உடைந்தது என்றார். ஆய்ஜூ ம் என்றாள். மாமியாரின் அறுபதாம் பிறந்தநாளுக்கு வராமலிருந்தது ஜுரத்தால் அல்ல, மீன் பிடிக்கப் போனதால் என்றார். ம். வசந்தத்தில் மது தொடுவதில்லை என்றாலும் அக்கா வீட்டில் வாய் கொப்பளிப்பதுண்டு, கொப்பளித்ததைத் துப்புவதில்லை. ம். கீரையில் பாதியை மேஜைக்கடியில் காகிதத்தில் பொட்டலம் கட்டி ஷுன்யாவின் கோழிக்குக் கொடுத்துவருகிறார். அதற்கு மட்டும் ஆய்ஜூ செருப்பைக் கழற்றினாள். புதுப் புள்ளியில் அழுத்தினாள்.

ஹாங்சோவிலிருந்து ஜிங்வெய் தொலைபேசியில் கூப்பிட்டாள். அப்பா தினமும் எனக்கு ஃபோன் போட்டு, நான் வேறென்ன தப்பு செய்திருக்கிறேன், உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறார் என்றாள்.

"என்னம்மா பண்ணினாரு அவரு?"

"இன்னும் அவர் வாயில வரல," என்றாள் ஆய்ஜூ.

கோடைப் பிறப்பன்று காலையில் வழக்கம்போலக் குடியிருப்பு வாயிலில் பெரிய தூக்குக்கோலைக் கட்டித் தொங்கவிட்டு, எல்லோரையும் கூடையில் உட்காரவைத்து எடை பார்த்தார்கள். கென்ஃபா ஏறியபோது கோல் கண்டபடி சாய்ந்தது. எடை பார்த்தவர், கோடையில் நோய் அண்டாது, ஆயுசு நூறு என்று நல்வாக்குச் சொல்லிவிட்டு, அதில் இரண்டு கிலோ பஞ்சு என்றும் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆய்ஜூவின் எடை போன வருடம் இருந்த அதே எடை. இறங்கும்போது அவள் தன் கையையும் மணிக்கட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

கோடை பிறக்கும் நேரம் பிற்பகல் ஒன்று ஐம்பத்தேழு என்று நாட்காட்டி சொன்னது. பட்டாணி போட்ட ஒட்டரிசிச் சோறும் வேகவைத்த முட்டையும் மேஜையில் இருந்தன. கென்ஃபா நெற்றியிலிருந்து வியர்வை சோற்றுக் கிண்ணத்தில் விழுந்தது. இருவரும் சாப்பிட்டு, கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று ஐம்பத்தேழு ஆனது. தெருவில் யாரோ பட்டாசு ஒன்றைக் கொளுத்தினார்கள்.

ஆய்ஜூ ஒரு மாதமாக வாக்கியங்களைத் தயார் செய்திருந்தாள். வரிசைகூடப் போட்டு வைத்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது ஒன்றுதான்.

"கெழவா. அந்தப் பன்றித்தொடையை யாரும் சைக்கிள்லேருந்து அவுக்கல."

கென்ஃபா கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்தார். முகத்தில் முதலில் வந்தது ஆறுதல். இவ்வளவு தேடியும் அது மட்டும் அவர் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

"அது... அந்தப் போர்வைக்காக. உங்கம்மா குடுத்தது. அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

"அது எனக்கு நாலாம் நாளே தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் நீ..."

"ஈரலுக்காகத்தான்."

கென்ஃபா அதை யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் சுற்றி வந்து அந்தத் தொடையிலேயே நின்றது. அந்தத் தொடையில் ஒரு துண்டுகூட அவர் தின்றதில்லை. மெதுவாகச் சிரிக்கலாமா என்பது போல உதட்டைக் கோணினார். ஆய்ஜூ சிரிக்கவில்லை.

"போர்வைய விடு. தொடையையும் விடு," என்றாள். குரல் உயரவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஒரு போர்வை போச்சுன்னு சொல்லப் பயந்து, வைத்தியர் வீடு வரைக்கும் போயிருக்க. நான் அவ்வளவு பயங்கரமாவா இருந்தேன்?"

கென்ஃபா கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி நாலு நிமிடம். பிறகு கொஞ்சம் குனிந்து மேஜைக்கடியில் அவள் கால்களைப் பார்த்தார். இரண்டு செருப்பும் இரண்டு காலிலும் இருந்தன. கோடை பிறந்துவிட்டது, இனி கோபத்தை அடக்க அவள் எதையும் கழற்ற வேண்டியதில்லை.

அவர் எழுந்தார். கால்சட்டை சரசரத்தது. நாற்காலியைச் சத்தமில்லாமல் மேஜைக்குள் தள்ளி, நாடாவின் முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அறையை விட்டுப் போனார்.